கெட்டிலுக்குள் நின்றவள்

அத்தியாயம் ஒன்பது

"இது யாரு பண்ணினது? இனிமே எல்லாத்தையும் இவங்களே பண்ணட்டும்."

போன வெள்ளிக்கிழமை கெட்டில்காரர், அதாவது கெட்டில் கம்பெனி முதலாளி, போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன இந்த இரண்டு வாக்கியங்களும் ஏழு நாளாகப் பெரியவளின் வயிற்றில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கின்றன. சாப்பாடு இறங்கவில்லை. இறங்கினால் செரிக்கவில்லை.

அவர் 'இவங்க' என்று கைகாட்டியது சின்னவளை. சின்னவள் என்றால் தம்பி பெண்டாட்டி. வீட்டுக்கு வந்து எட்டு மாதம், ஆபீசுக்கு வந்து ஐந்து மாதம். பெரியவளோ தம்பியோடு சேர்ந்து அந்த ஆபீசையே தொடங்கியவள். பதினொரு வருஷம் ஆகிறது.

கம்பெனிகள் விற்கிற சாமான்களை அச்சு அசலாகத் திரையில் செய்து கொடுப்பது அவர்கள் தொழில். வாங்க வருகிறவர் விரலால் தள்ளினால் சாமான் திரும்பும், கிட்டே வரும், கவிழும். உருவத்தைச் செய்வது தம்பி. அதற்குப் பளபளப்பு ஏற்றுவது அக்கா. வெள்ளைக் கீற்று எங்கே விழ வேண்டும், எங்கே மெலிந்து மறைய வேண்டும் என்பதையெல்லாம் அவள் கையாலேயே வரைவாள். "எங்க அக்கா கை பட்டா தகரமும் வெள்ளிதான்" என்று தம்பி சொல்லாத ஆளில்லை.

அந்தக் கைக்கு ஒரே ஒரு குறை இருந்தது. வரைந்த வெளிச்சம் சாமானோடு ஒட்டிக்கொண்டுவிடும். கெட்டிலைச் சுற்றினால் வெளிச்சமும் கூடவே சுற்றும். நிஜக் கெட்டிலில் அப்படி நடக்காது. ஜன்னல் இருந்த இடத்தில் இருக்க, கெட்டில் மட்டும்தான் சுற்றும். பதினொரு வருஷமாக யாரும் கேட்காத கேள்வியைக் கெட்டில்காரர் கேட்டார். "இதென்னங்க, வெளிச்சத்தைப் பசை போட்டு ஒட்டின மாதிரி இருக்கு?"

சின்னவள் வாயால் பதில் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆரஞ்சுப் பழம் அளவுக்கு இருந்த எஃகு உருண்டை ஒன்றை வீட்டுச் சமையலறை மேடையில் வைத்துப் படம் எடுத்தாள். கண்ணாடி மாதிரிப் பளபளக்கிற உருண்டை அது. அறையில் இருக்கிற அத்தனையும் அதில் தெரியும், படம் எடுப்பவரின் முதுகுக்குப் பின்னால் இருப்பதும்கூட. அந்த வட்டப் படத்தை விரித்துத் திரையில் கெட்டிலைச் சுற்றி ஓர் அறையாகப் போர்த்திவிட்டாள். அதன் பிறகு யார் எப்படித் திருப்பினாலும், எந்த இடத்தில் எது தெரிய வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் அந்தந்த நொடியில் தானே கணக்குப் போட்டுக்கொண்டது.

கெட்டில்காரர் அந்த மாதிரியைத் தன் வீட்டு டிவியில் ஒரு வாரம் போட்டுப் பார்க்கிறேன் என்று வாங்கிக்கொண்டு போனார். ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருக்கிற படத்தையே அங்கே காட்டுகிற இணைப்பு அது. இன்று நாலு மணிக்கு வருகிறார். பிடித்திருந்தால் அவருடைய நாற்பது சாமான்களும் இவர்களுக்குத்தான்.

இவ்வளவுதான் நடந்தது. இன்றைய கதைக்கு வருவோம்.

---

காலையில் காபி ஆறுவதற்குள் தம்பி ஆரம்பித்துவிட்டான்.

"அக்கா, இன்னிக்கு அவர் கையெழுத்துப் போட்டுட்டார்னா வேலையைக் கொஞ்சம் மாத்திப் பிரிச்சுக்கலாம்னு பார்க்கறேன்."

"எப்படி?"

"பளபளப்பு சமாச்சாரம் எல்லாம் இவ பார்த்துக்கட்டும். நீ கஸ்டமர் பேச்சுவார்த்தையைப் பார்த்துக்க. உனக்குத்தான் நல்லா பேச வருமே."

"வாய் இருக்குங்கற. சரி. கை இல்லையாடா எனக்கு?"

அவன் காபியில் எதையோ தேடினான். அது கிடைக்கவில்லை போலிருக்கிறது, தலை நிமிரவே இல்லை.

சின்னவள் அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "அண்ணி, உங்க பையில ஆப்பிள் வெட்டி வெச்சிருக்கேன். நேத்தும் நீங்க சாப்பிடலை" என்றாள்.

சண்டை போட்டாலாவது தேவலை. இப்படிக் கரிசனம் காட்டுகிறவளை எந்தப் பக்கம் பிடித்துத் திட்டுவது? பெரியவள் பையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஆப்பிளையும் சேர்த்துத்தான் எடுத்துக்கொண்டு போனாள்.

அவளுக்குப் பொறாமை. இதை மூடி மறைக்க ஒன்றுமில்லை. அவள்கூடத் தன்னிடம் மறைக்கவில்லை. கூடப் பிறந்தவனை விட்டுக்கொடுத்துவிடலாம். அவனுக்கு வயசாகிவிட்டது, பெண்டாட்டி வந்துவிட்டாள், அது உலக வழக்கம். அந்த வெள்ளைக் கீற்றை எப்படி விட்டுக்கொடுப்பது? அது அவள் கையிலிருந்து விழுகிற கீற்று. அதை எடுத்துவிட்டால் அவளிடம் மிச்சம் இருப்பது, தம்பி சொன்னது மாதிரி, வாய்தான்.

---

ஆபீஸ் மாடியில் மூன்று அறை. பெரியவள் தன் நாற்காலியில் உட்கார்ந்து கெட்டிலைத் திரையில் போட்டாள். குற்றம் கண்டுபிடித்தே தீருவது என்று கண்ணைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

முதல் அரை மணி நேரம் ஒன்றும் அகப்படவில்லை. அதுதான் இன்னும் எரிந்தது. ஜன்னல் கெட்டிலின் தோளில் வளைந்து கிடந்தது. அலமாரிக் கதவுகள் வயிற்றில் குறுகி வரிசையாக நின்றன. மூடியின் குமிழில்கூட ஒரு குட்டி ஜன்னல் இருந்தது. பாவி, எவ்வளவு அழகாகச் செய்திருக்கிறாள்! தானே செய்திருந்தால் இதற்காக ஊரைக் கூட்டியிருப்பாள்.

பதினொன்றரை மணிக்குத்தான் அது கண்ணில் பட்டது.

கெட்டிலின் வயிற்றில், நடுவிலிருந்து ஒரு விரல்கடை தள்ளி, பச்சையாக ஒரு நூல். கெட்டிலைச் சுற்றினாள். கைப்பிடி வந்து அதை மறைத்துவிட்டுப் போனது. மூக்கு வந்து மறைத்துவிட்டுப் போனது. எல்லாம் சுற்றின, பச்சை நூல் மட்டும் நகரவில்லை. கெட்டிலில் ஒட்டிய அழுக்கு என்றால் கூடவே சுற்றியிருக்கும். அப்படியானால் இது அறைக்குள் இருக்கிற ஏதோ ஒன்று. சின்னவள் துடைக்க மறந்த ஏதோ ஒன்று.

"மாட்டினடி" என்றாள் பெரியவள், திரையைப் பார்த்து.

ஏழு நாளுக்குப் பிறகு அவளுக்குப் பசித்தது.

இப்போது எழுந்து போய், "ஏம்மா, இங்க பாரு, ஏதோ விட்டுப்போச்சு" என்று சொல்வது ஒரு நிமிஷ வேலை. சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? நாலு மணிக்குச் சுவர் அகலத் திரையில் கெட்டில் வரும், நூல் கயிறாகும், கெட்டில்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "இது என்னங்க?" என்பார். அவள் மூலையில் கை கட்டி நிற்பாள். வாய் இருக்கிறவள் வாயே திறக்க மாட்டாள்.

கெடுவான் கேடு நினைப்பான் என்று பெரியவர்கள் சும்மாவா சொல்லி வைத்தார்கள்!

---

ஒரு மணிக்குத் தம்பியும் சின்னவளும் பெரிய திரைக்கு வயர் வாங்கக் கிளம்பினார்கள். அந்த ஆபீசில் யாரும் கம்ப்யூட்டரைப் பூட்டுவதில்லை. குடும்பத்துக்குள் என்ன பூட்டு என்று தம்பி போட்ட சட்டம்.

பெரியவளுக்கு ஒரே ஆவல். அந்தப் பச்சை என்னதான்? துண்டா, பாட்டிலா? தெரிந்துகொண்டால் நாலு மணிக்கு இன்னும் நன்றாக ரசிக்கலாம். சின்னவளின் நாற்காலியில் போய் உட்கார்ந்து, உருண்டையிலிருந்து விரித்த அந்த அறைப் படத்தைத் திறந்தாள்.

ஜன்னல் இருந்தது, குளிர்சாதனப் பெட்டி இருந்தது. படம் எடுத்தவள் நிற்க வேண்டிய இடத்தில் வெறும் டைல்ஸ் சுவர். சின்னவள் தன்னையும் கேமரா ஸ்டாண்டையும் அழித்துவிட்டு அங்கே கல் பதித்திருந்தாள். இந்த வேலையில் எல்லோரும் முதலில் செய்வது அதுதான். பக்கத்தில் சமையலறைக் கதவு பாதி திறந்து கிடந்தது.

அந்தக் கதவோரம் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள்.

பச்சை நைட்டி. தோளில் துண்டு. பாதி உடம்பு கதவுக்குப் பின்னால். பெரியவள் படத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். பிறகு சட்டென்று கையை எடுத்துவிட்டாள்.

அவளேதான்.

அன்றைக்குக் குளிக்கப் போகிற வழியில் ஒரு நிமிஷம் எட்டிப் பார்த்தது ஞாபகம் வந்தது. ஒரு நிமிஷம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் உருண்டையை ஒரு தடவை படம் எடுத்தால் போதாது. வெளிச்சம் கூட்டியும் குறைத்தும் ஒன்பது படம் எடுத்து ஒன்றாகச் சேர்க்க வேண்டும். நடுவில் யாராவது அசைந்தால் புகையாகக் கலைந்து போவார்கள். இவள் கலையவில்லை. ஒன்பது படம் முடியும்வரை ஆணி அடித்த மாதிரி நின்றிருக்கிறாள்.

அந்த முகம்! உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல், அடுத்தவர் இலையைப் பார்க்கிற பசிக்காரி மாதிரி ஒரு முகம். தனக்குப் பொறாமை உண்டு என்பது அவளுக்குத் தெரியும். அது வெளியிலிருந்து பார்த்தால் இப்படி இருக்கும் என்பது தெரியாது. இதைத்தான் நாலு மணிக்குச் சுவர் அகலத்தில் காட்டப் போகிறார்கள். தம்பி பார்ப்பான். கெட்டில்காரர் பார்ப்பார். அவள் மூலையில் கை கட்டி நிற்பாள், அதே முகத்தோடு.

கேமராவைத் திறந்து பார்த்தாள். உள்ளே கார்டு இல்லை. வேலை முடிந்ததும் சின்னவள் கார்டைத் துடைத்துவிடுவாள். அப்படியானால் இந்த ஒரு படம்தான் சாட்சி.

பெரியவள் வரைகிற பேனாவைக் கையில் எடுத்தாள்.

பாதி திறந்த கதவை மூடினாள். மூடிய பலகையில் மரத்தின் ஓட்டத்தை இழை இழையாக இழுத்தாள். ஜன்னல் வெளிச்சம் கதவின் மேல்பாதியில் மெல்லப் படிகிற மாதிரி ஒரு சாம்பல் பூச்சு. பச்சை நைட்டி கரைந்தது. முகம் கடைசியில் போனது. பயத்தில் நடுங்க வேண்டிய கை நடுங்கவில்லை. உண்மையைச் சொன்னால், பல நாளைக்குப் பிறகு அந்தக் கைக்கு அன்றைக்குத்தான் ஒழுங்கான வேலை கிடைத்தது.

அதே பெயரில் படத்தைச் சேமித்தாள். கெட்டிலில் பாலிஷ் குறைந்த இடங்களுக்காக அந்த அறையின் மங்கலான நகல்களைக் கம்ப்யூட்டர் மறுபடி செய்ய வேண்டும். அதற்குக் கால் மணி நேரம் பிடித்தது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டபோது அவள் தன் இடத்தில் உட்கார்ந்து ஆப்பிள் தின்றுகொண்டிருந்தாள்.

"சாப்பிட்டீங்களா அண்ணி!" என்று சின்னவள் முகம் மலர்ந்தாள்.

பெரியவள் மிச்ச ஆப்பிளைப் பைக்குள் போட்டு மூடினாள்.

---

கெட்டில்காரர் நாலு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போதே வந்துவிட்டார். நல்ல உற்சாகத்தில் இருந்தார். பேனாவைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். தம்பி அந்தப் பேனாவைப் பார்த்த பார்வையை வேறொரு நாளாக இருந்தால் பெரியவள் கிண்டல் செய்திருப்பாள்.

திரையில் கெட்டில் வந்தது. அவர் தானே எழுந்து போய் விரலால் சுற்றினார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். கிட்டே இழுத்தார். புருவம் சுருங்கியது.

"அந்த அம்மா எங்க?"

"எந்த அம்மா சார்?" என்றான் தம்பி.

"கதவுகிட்ட நிப்பாங்களே, பச்சையா. இங்கதான் இருந்தாங்க." கெட்டிலின் வயிற்றைத் தட்டிக் காட்டினார். "இப்போ கதவு மூடியிருக்கு. மூடின கதவைப் பார்த்தா நெஜமாத்தான் இருக்கு, ஒரு வாரமா பார்த்த எனக்கே நம்ம கண்ணுதான் தப்போன்னு தோணுது. ஆனா அவங்க இருந்தாங்க. நானும் என் வீட்டுக்காரியும் தினம் டிவியில அவங்களைத்தானே பார்த்துட்டிருந்தோம்!"

"கெட்டிலை இல்லையா சார்?"

"கெட்டிலை நான் முப்பது வருஷமா பார்க்கறேன் தம்பி. எல்லாரும்தான் பளபளன்னு காட்டறாங்க. அந்தம்மா இருந்ததாலதான் அது ஒரு வீட்ல இருக்கற கெட்டில்னு தெரிஞ்சுது. அவங்க இல்லைன்னா எனக்கு இது வேணாம்."

பேனாவை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

சின்னவள் தன் கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைத் தேடித் திறந்தாள். பெயருக்குப் பக்கத்தில் தேதியும் நேரமும் இருந்தன. இன்று, ஒன்று ஐம்பத்திரண்டு. அந்த நேரத்தில் ஆபீசில் இருந்தது யார் என்று கணக்குப் போடப் பெரிய படிப்பு வேண்டாம். அவள் ஒரு கணம் பெரியவளைப் பார்த்தாள். பிறகு அந்தப் படத்தை மூடினாள்.

"சாரி சார்" என்றாள். "நான்தான் அழிச்சுட்டேன். சுத்தம் பண்ணறப்போ கவனிக்கலை."

பெரியவளுக்குக் காதுவரை சூடேறியது. தப்பித்தோம் என்று பெருமூச்சு விட வேண்டிய இடம் அது. ஆனால் அவள் மனசு போன போக்கே வேறு. தம்பியை எடுத்துக்கொண்டாள். பளபளப்பை எடுத்துக்கொண்டாள். இப்போது பழியையும் எடுத்துக்கொள்கிறாளே! நல்லவள் பட்டமும் இவளுக்கே போக வேண்டுமா? அதைக்கூட எனக்கென்று விட்டுவைக்க மாட்டாளா?

"அவ அழிக்கலை" என்றாள் சத்தமாக. "நான்தான் அழிச்சேன். கதவு நான் வரைஞ்சது. அங்க நின்னதும் நான்தான்."

தம்பி வாயைத் திறந்தவன் மூடவில்லை. கெட்டில்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். அதையாவது பெரியவள் சரியாக ஊகித்திருந்தாள்.

"அட, ஆமா! நீங்களேதான்! அப்ப நீங்களே சொல்லுங்க. எனக்கும் என் வீட்டுக்காரிக்கும் ஒரு வாரமா பந்தயம். அப்படி என்னத்தைப் பார்த்துட்டு நின்னீங்க? நான் சொல்றேன், அது சுத்தப் பொறாமை, அந்தக் கண்ணுல நெருப்பே தெரியுதுன்னு. அவ சொல்றா, போங்க உங்களுக்கென்ன தெரியும், அவங்களுக்கு உள்ள வரணும்னு ஆசை, யாரும் கூப்பிடலை, அதான் நிக்கறாங்கன்னு. யாருக்கு ஜெயம்?"



முதலாவது அவளுக்குத் தெரிந்ததுதான். அதற்கு அவள் தயாராக இருந்தாள். இரண்டாவது எங்கிருந்தோ வந்து நெஞ்சில் இடித்தது. முன்பின் பார்க்காத ஒரு பெண், எங்கேயோ ஒரு வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்துகொண்டு இதைக் கண்டுபிடித்திருக்கிறாள். கூடவே இருக்கிற தம்பிக்குத் தெரியவில்லை. அவளுக்கே தெரியவில்லை.

"ரெண்டு பேரும் ஜெயிச்சீங்க சார்" என்றாள்.

கெட்டில்காரர் சிரிக்க நினைத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

"அவங்களைத் திரும்பக் கொண்டு வர முடியுமா?" என்று சின்னவளைக் கேட்டார்.

சின்னவள் கொஞ்சம் யோசித்தாள். "பழைய படம் இல்லை சார். மறுபடி எடுத்துடலாம். நாளைக்குக் காலைல அதே வெளிச்சம் வரும். அதே உருண்டை, அதே கதவு. மத்தியானமே உங்களுக்கு அனுப்பிடறேன்."

"சரி, பார்த்துட்டுக் கையெழுத்துப் போடறேன்" என்று அவர் எழுந்தார். தம்பி வழியனுப்பப் பின்னாலேயே ஓடினான். ஓடுகிறபோது அக்காவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடினான், அவளை இதற்கு முன் பார்த்ததே இல்லை என்கிற மாதிரி.

அறையில் இரண்டு பேர் மட்டும் மிச்சம்.

சின்னவள் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் கேட்டாள். "பச்சை நைட்டிதான் போட்டுக்கணும். நிப்பீங்களா அண்ணி?"

"நிக்கறேன்."

"அதே மாதிரி பார்க்கணும்."

"அதுக்கு ஒத்திகை வேணாம்."

சின்னவள் சிரித்தாளா இல்லையா என்று சொல்ல முடியவில்லை. குனிந்திருந்தாள். வயரைப் பைக்குள் திணிக்கும்போது பையிலிருந்து ஏதோ நழுவித் தரையில் விழுந்தது. அதைக் கவனிக்காமல் கை கழுவப் போனாள்.

பெரியவள் எடுத்தாள். நகம் அளவில் ஒரு கேமரா கார்டு. அதன்மேல் துண்டுக் காகிதம் ஒட்டி, சின்னவளின் வட்டக் கையெழுத்தில் எழுதியிருந்தது: 'ஞாயிறு. சமையலறை. 9 படம். அழிக்கக் கூடாது.'

உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. பெரியவள் கார்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பழைய படம் பைக்குள்ளேயே இருந்திருக்கிறது. பத்து நிமிஷத்தில் எடுத்துப் போட்டிருக்கலாம், அவர் கையெழுத்துப் போட்டுவிட்டே போயிருப்பார். இல்லை என்று பொய் சொல்லி, நாளைக்குக் காலையில் அதே கதவோரம் வந்து நில்லுங்கள் என்கிறாள்.

கூப்பிடுகிறாளா, குத்திக் காட்டுகிறாளா?

குழாய் நின்றது. பெரியவள் கார்டைப் பைக்குள் இருந்த இடத்திலேயே போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி கெட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் வரைந்த கதவு அங்கே மூடியே இருந்தது.